இரண்டு வாரமாக இருப்பவரும் இரண்டு வாரம் இருப்பவரும்

பல ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலம் மட்டுமே பொதுமொழியாக இருந்த ஓர் அலுவலகத்தில் நான் சேர்ந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. மூத்த பணியாளர் ஒருவர் என் மேசைப் பக்கம் வந்து, 'ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?' என்று கேட்டார். எத்தனை நாளாக இங்கே இருக்கிறேன் என்று கேட்கிறார் போலும் என எண்ணிக்கொண்டு, 'டூ வீக்ஸ்' என்று உற்சாகமாகப் பதில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்த சில நாட்களில் ஒரு புதிய திட்டத்துக்கான பெயர்ப்பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இல்லை. ஒரு மாதம் கழித்து அதே மனிதர் என்னைப் பார்த்து, நீங்கள் இன்னும் கிளம்பவில்லையா என்று வியப்போடு கேட்டபோதுதான், அவர் கேட்ட கேள்வியும் நான் பதில் சொன்ன கேள்வியும் வேறு வேறு என்பது விளங்கிற்று. அவர் கேட்டது, எத்தனை நாள் இருப்பீர்கள் என்பது. நான் சொன்னது, எத்தனை நாளாக இருக்கிறேன் என்பது.

அந்த உரையாடலில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. 'ஹவ்', 'லாங்', 'ஹியர்', 'ஃபார்' எல்லாம் தொடக்கப் பள்ளியில் படித்த சொற்கள். ஆங்கிலத்தில் காலத்தைக் குறிக்கும் தொடர்களில் நாம் சறுக்குவது பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது. காலம் என்னும் நீண்ட துணியைத் தமிழ் ஓரிடத்தில் கத்தரிக்கிறது, ஆங்கிலம் வேறோரிடத்தில் கத்தரிக்கிறது. தமிழில் ஒரே உருபு போதுமானதாக இருக்கும் இடத்தில் ஆங்கிலம் இரண்டு மூன்று சொற்களை வைத்திருந்தால், அங்கே நம் கால் வழுக்குவதற்கு வாய்ப்பு மிகுதி. இதைப் புரிந்துகொண்ட பிறகு பட்டியல்களை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு பிழைக்கும் அடியில் எந்தத் தமிழ் உருபு இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

என் கதையில் வந்த உருபு 'ஆக'. 'இரண்டு வாரமாக இருக்கிறேன்' என்னும்போது, கடந்துவிட்ட காலம் என்பதை 'ஆக' என்ற உருபே சொல்லிவிடுகிறது. அதனால் வினை நிகழ்காலத்தில் நின்றால் போதும். 'இரண்டு வாரம் இருப்பேன்' என்றால் 'ஆக' போய்விடுகிறது, வினை எதிர்காலத்துக்கு மாறுகிறது. ஆங்கிலத்தின் 'ஃபார்' இந்த இரண்டு வேலைக்கும் பொதுவானது. அது வெறும் கால அளவை மட்டுமே சொல்லும். கடந்ததா, வரப்போவதா என்பதை வினைதான் காட்ட வேண்டும். 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்' என்றால் இரண்டு வாரம் ஓடிவிட்டது. 'ஐ ஆம் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்' என்றால் நான் தங்கப்போகும் மொத்தக் காலமே இரண்டு வாரம்தான். தமிழின் நிகழ்காலத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், நிரந்தரப் பணியாளர் விருந்தாளி ஆகிவிடுவார்.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் 'சின்ஸ்' என்னும் சொல். அதற்குப் பின்னால் வரவேண்டியது ஒரு தொடக்கப் புள்ளி: திங்கட்கிழமை, 2015, பிறந்த நாள், வேலையில் சேர்ந்த நாள். கால அளவு அதற்குப் பின்னால் வராது. ஆகவே 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்பதும், நாம் மிக அதிகமாக எழுதும் 'சின்ஸ் லாஸ்ட் டூ இயர்ஸ்' என்பதும் பிழை. அங்கே 'ஃபார் த லாஸ்ட் டூ இயர்ஸ்' என்று வரவேண்டும். இந்தப் பிழை நம்முடையது மட்டும் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் தொடக்கப் புள்ளிக்கும் கால அளவுக்கும் ஒரே சொல்தான். வினையும் நம்மைப்போல நிகழ்காலத்தில்தான் நிற்கும். அதனால் ஆங்கிலம் கற்கும் அவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

'இருந்து' என்ற நம் சொல்லுருபு இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. 'திங்களிலிருந்து காய்ச்சல்' என்றும் சொல்கிறோம், 'அடுத்த திங்களிலிருந்து விடுமுறை' என்றும் சொல்கிறோம். முதலாவதுக்கு 'சின்ஸ்' பொருந்தும், ஏனெனில் அது கடந்த காலத்தில் தொடங்கி இந்த நொடி வரை நீண்டுவரும் கோடு. இரண்டாவதுக்கு அது பொருந்தாது. வரப்போகும் தொடக்கத்துக்கு 'ஃபிரம்' தான் உரிய சொல். திங்களில் தொடங்கி வியாழனோடு முடிந்துபோன ஒன்றுக்கும் 'ஃபிரம்' தான், ஏனெனில் அந்தக் கோடு இப்போதைத் தொடவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஒற்றுமையும் உண்டு. 'அவரைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது' என்று நாம் சொல்லும்போது, பார்க்கவில்லை என்பதே பொருளாக இருந்தாலும் வினை உடன்பாட்டில் நிற்கிறது. ஆங்கிலமும் அப்படித்தான்: 'இட் இஸ் த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஐ ஸா ஹிம்'. நம் மொழி சரியாகக் கைகொடுக்கும் இந்த ஓரிடத்தில் அதை நம்பாமல், தர்க்கப்படி இருக்க வேண்டும் என்று எண்ணி 'சின்ஸ் ஐ டிட் நாட் ஸீ ஹிம்' என்று எதிர்மறையைச் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் செருகியிருக்கிறேன்.

அடுத்தது 'முன்'. 'மூன்று நாளுக்கு முன் பார்த்தேன்', 'தேர்வுக்கு மூன்று நாள் முன் பார்த்தேன்' ஆகிய இரண்டிலும் தமிழுக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் முதலாவது 'த்ரீ டேஸ் அகோ', இரண்டாவது 'த்ரீ டேஸ் பிஃபோர் தி எக்ஸாம்'. 'ஐ ஸா ஹிம் த்ரீ டேஸ் பிஃபோர்' என்று நிறுத்திவிட்டால், எதற்கு மூன்று நாள் முன்பு என்று கேட்பவர் காத்துக்கொண்டிருப்பார். 'அகோ' என்ற சொல்லின் பழைய வரலாற்றைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. இடைக்கால ஆங்கிலத்தில் அது 'கழிந்த, போய்விட்ட' என்னும் பொருளுடைய வினை வடிவம். 'த்ரீ டேஸ் அகோ' என்றால், மூன்று நாள் கழிந்துவிட்டது என்பதே அடிப்படைப் பொருள். இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணுவதால்தான் அது இந்த நொடியைத் தவிர வேறு எந்தப் புள்ளியோடும் சேராது. கால அளவுக்குப் பின்னால் நிற்பதற்கும் அதுவே காரணம். எண்ணி முடித்த பிறகு வருவதால் எளிய இறந்தகாலத்தோடுதான் அது சேரும். 'ஐ ஹேவ் ஸீன் ஹிம் த்ரீ டேஸ் அகோ' என்று எழுதக்கூடாது.

இனி 'வரை', 'க்குள்' என்னும் இரண்டு உருபுகள். 'பை', 'அன்டில்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை உலகெங்கும் ஆங்கிலம் கற்பவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் அவர்களுக்கு இது உண்மையிலேயே கடினம். தமிழருக்கு இது கடினமாக இருக்கவே கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவதும் வெள்ளிக்கிழமை வரை அனுப்புவதும் ஒன்றல்ல என்பது தமிழ் பேசும் குழந்தைக்கும் தெரியும். முன்னதில் ஒரு வேலை முடிகிறது, பின்னதில் ஒரு வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது. 'ஐ வில் சென்ட் த ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால், அறிக்கையை வெள்ளிக்கிழமை வரை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்றாகிவிடும். நூலகம் 'அன்டில் ஃபைவ்' திறந்திருந்தால் ஐந்து மணி வரை திறந்திருக்கிறது. 'பை ஃபைவ்' திறக்குமானால் ஐந்து மணிக்குள் திறந்துவிடும். எழுதும் முன் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் இந்தப் பிழை எழவே வாய்ப்பில்லை.

தமிழ் நம்மைக் கைவிடுவது வேறிடத்தில். 'க்குள்' என்பது நாள், மணி ஆகிய புள்ளிகளோடும் சேர்கிறது, கால அளவோடும் சேர்கிறது: 'ஐந்து மணிக்குள்', 'ஐந்து மணி நேரத்துக்குள்'. ஆங்கிலம் இங்கே பிரித்துக்கொள்கிறது. புள்ளி என்றால் 'பை', அளவு என்றால் 'வித்தின்'. 'வித்தின் ஃபைவ் ஓ கிளாக்', 'வித்தின் ஃப்ரைடே' என்பனவெல்லாம் 'க்குள்' செய்த வேலை. அதே உருபு வினையோடு சேர்ந்து 'நான் போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது' என்று வரும்போது, ஆங்கிலத்தில் 'பை த டைம்' என்ற தொடர் அச்சாகப் பொருந்துகிறது. 'க்குள்' என்பதில் இருக்கும் அந்தச் சிறு ஏமாற்றத்தைக்கூட அது சுமந்துகொண்டு வருகிறது என்பது என் எண்ணம்.

'வரை' என்பதிலும் இரண்டு பொறிகள் உண்டு. நமக்கு அது இடத்துக்கும் உரியது, காலத்துக்கும் உரியது. 'கதவு வரை போனேன்' என்கிறோம். 'அன்டில்' காலத்துக்கு மட்டும்தான். கதவு என்றால் 'அஸ் ஃபார் அஸ்' வேண்டும். இரண்டாவது பொறி, 'நான் சொல்லாத வரை போகாதே' என்னும் நம் அமைப்பு. இதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் 'அன்டில் ஐ டோன்ட் டெல் யூ' என்று விபரீதமாகிவிடும். 'அன்டில்' தனக்குள்ளேயே அந்த எல்லையை வைத்திருக்கிறது. அதற்கு 'அன்டில் ஐ டெல் யூ' என்பதே போதும். 'சொல்லாத' என்ற எதிர்மறையை அது தாங்காது.

பத்து நிமிடத்தில் வருகிறேன் என்பதை நாம் ஏனோ 'ஐ வில் கம் ஆஃப்டர் டென் மினிட்ஸ்' என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். 'பத்து நிமிடம் கழித்து' என்ற தொடர்தான் அதற்கு அடியில் இருக்கிறது. இப்போதிலிருந்து எண்ணும் எதிர்காலத்துக்கு ஆங்கிலத்தில் இயல்பாக வருவது 'இன் டென் மினிட்ஸ்'. 'ஆஃப்டர்' கதை சொல்லும்போது நன்றாகப் பொருந்தும்: பத்து நிமிடம் கழித்து அவர் எழுந்து போனார் என்பதுபோல. 'இன்' என்பதற்கும் 'வித்தின்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இன்னும் நுட்பமானது. 'இன் டென் மினிட்ஸ்' வருகிறேன் என்றவர் ஏறத்தாழப் பத்தாவது நிமிடத்தில் வருவார். 'வித்தின் டென் மினிட்ஸ்' என்றவர் அடுத்த நொடியே கதவைத் தட்டினாலும் வாக்குத் தவறியவர் அல்லர்.

ஆனால் 'இன்' முற்றிலும் குற்றமற்றதும் அல்ல. 'ஐ வில் ரைட் இட் இன் டென் மினிட்ஸ்' என்றால், பத்து நிமிடம் கழித்து எழுதத் தொடங்குவேன் என்று கொள்ளலாமா, எழுதி முடிக்கப் பத்து நிமிடம் பிடிக்கும் என்று கொள்ளலாமா? இரண்டுக்கும் இடமுண்டு. 'பத்து நிமிடத்தில் எழுதுகிறேன்' என்னும் தமிழுக்கும் அதே இரட்டைப் பொருள் இருப்பதால் நமக்கு இது உறுத்துவதே இல்லை. முதல் பொருளை மட்டும் காட்ட வேண்டுமானால் 'இன் டென் மினிட்ஸ் டைம்' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது பிரித்தானிய வழக்கம்.

'போது' என்பதைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம். கூட்டத்தின்போது, பேசும்போது, வந்தபோது என்று அது பெயரோடும் எச்சத்தோடும் ஒரே மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலம் இந்த மூன்றுக்கும் மூன்று சொற்களைக் கேட்கிறது: பெயருக்கு 'ட்யூரிங்', நடந்துகொண்டிருக்கும் செயலுக்கு 'வைல்', நிகழ்ந்த நொடிக்கு 'வென்'. 'ட்யூரிங் ஐ வாஸ் ஸ்லீப்பிங்' என்பது இந்த ஒட்டுதலால் வரும் பிழை. இதில் வேடிக்கை என்னவென்றால், 'போது' என்பது 'பொழுது' என்ற பெயர்ச்சொல். 'வைல்' என்பதும் முதலில் பொழுதைக் குறித்த பெயர்ச்சொல்தான், அதனால்தான் 'எ வைல்' என்று இன்றும் சொல்ல முடிகிறது. இரண்டு மொழிகளும் ஒரே பாதையில் நடந்து, பொழுதைக் குறித்த சொல்லை இணைப்புச் சொல்லாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதிப் பேச்சுவழக்கில் 'வைல்' என்பதற்கு 'வரை' என்ற பொருளும் உண்டு. ஒன்பதிலிருந்து ஐந்து வரை என்பதை 'நைன் வைல் ஃபைவ்' என்பார்கள். பாடநூலை மட்டும் படித்துவிட்டு அங்கே போகிறவரின் நிலையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆனால் என் கணக்கில் எல்லாவற்றையும்விடச் சுவையானது 'இன்னும்'. 'இன்னும் இருக்கிறார்', 'இன்னும் வரவில்லை', 'இன்னும் ஒன்று கொடு' ஆகிய மூன்றிலும் நாம் ஒரே சொல்லை எவ்வளவு இயல்பாகப் பயன்படுத்துகிறோம்! ஆங்கிலத்தில் முதலாவது 'ஸ்டில்', இரண்டாவது 'யெட்', மூன்றாவது காலத்தோடு தொடர்பே இல்லாத 'ஒன் மோர்'. இதுவரை கடினம் ஏதுமில்லை. சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது. 'ஹி ஹேஸ் நாட் கம் யெட்' என்றும் சொல்லலாம், 'ஹி ஸ்டில் ஹேஸ் நாட் கம்' என்றும் சொல்லலாம். இலக்கணப்படி இரண்டும் சரி. முன்னது செய்தி மட்டும் சொல்கிறது. பின்னது, இவ்வளவு நேரமாகியும் வரவில்லையே என்ற பொறுமையின்மையையும் சேர்த்துச் சொல்கிறது. தமிழில் இந்த வேறுபாட்டை நாம் குரலை ஏற்றியோ, 'இன்னமும்' என்று நீட்டியோ காட்டுகிறோம். எழுத்தில் குரல் கிடையாது. மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் 'யூ ஸ்டில் ஹேவ் நாட் அப்ரூவ்டு' என்று நான் வெகுளியாக எழுதிய காலம் ஒன்று உண்டு; அவர் அதைக் குற்றச்சாட்டாகத்தான் படித்திருப்பார். 'யெட்' என்று எழுதியிருந்தால் நினைவூட்டலாகவே நின்றிருக்கும்.

கேள்வியில் 'யெட்', 'ஆல்ரெடி' என்ற இரண்டும் இதேபோன்ற இணை. 'ஹேவ் யூ ஃபினிஷ்டு யெட்?' என்றால் முடித்தாயிற்றா என்று மட்டும் கேட்கிறோம். 'ஹேவ் யூ ஃபினிஷ்டு ஆல்ரெடி?' என்றால் அதற்குள்ளேயா என்று வியக்கிறோம். இங்கேயும் 'அதற்குள்' என்று நம் 'க்குள்' வந்து நிற்பதைக் கவனிக்கலாம்.

சில சிறு சறுக்கல்களை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். மருத்துவர் சரியான நேரத்தில் வந்தார் என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. குறித்த மணிக்கு வந்தார் என்றால் 'ஆன் டைம்'. உயிர் போவதற்குள் வந்தார் என்றால் 'இன் டைம்'. 'அட் தி எண்ட்' என்பது ஒன்றின் இறுதிப் பகுதியில். 'இன் தி எண்ட்' என்பது பல திருப்பங்களுக்குப் பிறகு, கடைசியில் என்னும் பொருளில். 'தி அதர் டே' என்பது மறுநாளும் அன்று, மற்றொரு நாளும் அன்று; அண்மையில் ஒரு நாள் என்று பொருள். 'எவ்ரி அதர் டே' என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். மருந்துச் சீட்டில் இதைத் தவறாகப் படித்தால் அளவு இரட்டிப்பாகும் என்பதால் இதை மட்டும் எவரும் அலட்சியம் செய்யக்கூடாது.

இன்று, நேற்று, நாளை என்ற மூன்றையும் காலை, மாலை, இரவு என்ற மூன்றோடும் எப்படிச் சேர்த்தாலும் தமிழில் ஒழுங்காக வரும். ஆங்கிலத்தில் அந்தக் கட்டம் ஓட்டையும் ஒடிசலுமாக இருக்கிறது. நேற்றுக் காலை 'யெஸ்டர்டே மார்னிங்', ஆனால் நேற்று இரவு 'லாஸ்ட் நைட்'. நாளைக் காலை 'டுமாரோ மார்னிங்', ஆனால் இன்று காலை 'திஸ் மார்னிங்', இன்று இரவு 'டுநைட்'. 'டுடே மார்னிங்', 'யெஸ்டர்டே நைட்' என்று நாம் எழுதுவது நம் கட்டத்தின் ஒழுங்கை அவர்கள் கட்டத்தின் மேல் போர்த்துவதுதான். தர்க்கம் நம் பக்கம். வழக்கு அவர்கள் பக்கம். நாளை மறுநாளுக்கு ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'ஓவர்மாரோ' என்ற ஒற்றைச் சொல் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டு நூல்களில் அது காணப்படுகிறது. அதை ஏன் கைவிட்டுவிட்டு நான்கு சொல் நீளத் தொடரை வைத்துக்கொண்டார்களோ!

கடிகாரத்தைப் படிப்பதிலும் நோக்கு வேறுபடுகிறது. ஆறேமுக்கால் என்னும்போது நாம் கழிந்த ஆறையும் அதற்கு மேலான முக்காலையும் கூட்டுகிறோம். ஆங்கிலமோ வரப்போகும் ஏழைப் பார்த்து, அதற்குக் கால் மணி குறைவு என்கிறது: 'குவார்ட்டர் டு செவன்'. எண்ணே மாறிவிடுவதால், அவசரத்தில் கேட்கும்போது ஏழேகால் என்று பதிந்துவிடுவது எளிது. அமெரிக்காவில் சிலர் 'குவார்ட்டர் ஆஃப் செவன்' என்பதும் ஆறேமுக்கால்தான். பிரித்தானியர்கள் பேச்சில் 'ஹாஃப் செவன்' என்றால் அது நம் ஏழரை. சொல்லுக்குச் சொல் அதையே சொல்லும் ஜெர்மன் மொழியில் அது ஆறரை. இந்த ஒன்றில் ஜெர்மானியர் தடுமாற, தமிழர் தடுமாறாமல் நடக்கலாம்.

இதுவரை சொன்னவை நம் பக்கத்துப் பிழைகள். ஆங்கிலத்தின் பக்கத்திலேயே குழப்பம் இருக்கும் தொடர்களும் உண்டு. அங்கே நாம் தடுமாறினால் குற்றம் நம்முடையது அன்று. 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' அவற்றில் தலையாயது. செவ்வாய்க்கிழமை அன்று ஒருவர் இதைச் சொன்னால், மூன்று நாளில் வரும் வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்பதில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே உடன்படுவதில்லை. நம் 'அடுத்த வெள்ளி'யும் அவ்வளவே. 'வருகிற வெள்ளி' மட்டும் தெளிவானது. நான் இப்போது எந்த மொழியிலும் தேதியைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

'பைவீக்லி' என்பது வாரம் இருமுறையா, இரு வாரத்துக்கு ஒருமுறையா? அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன. 'பைமன்த்லி' என்பதும் அப்படியே. தமிழ் இதழ்களின் அட்டையில் 'மாதமிருமுறை' என்று அச்சிடுவதில் இருக்கும் தெளிவு இவற்றில் இல்லை. இரண்டு வாரத்துக்குப் பிரித்தானியரிடம் 'ஃபோர்ட்நைட்' என்ற அழகான சொல் இருக்கிறது. பதினான்கு இரவுகள் என்பதன் சுருக்கம் அது. ஜெர்மானிய இனத்தவர் பகல்களை அல்ல, இரவுகளை எண்ணியே காலத்தைக் கணக்கிட்டனர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதியிருக்கிறார். அந்தப் பழக்கத்தின் எச்சம் இந்தச் சொல்லில் தங்கிவிட்டது. அமெரிக்கர்கள் இதைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை என்பதால், அவர்களுக்கு எழுதும்போது 'எவ்ரி டூ வீக்ஸ்' என்பதே பாதுகாப்பு.

புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'ஃபார்வர்டு' நகர்த்தப்பட்டது என்றால், அது எந்த நாள்? நான் யோசிக்காமல் திங்கள் என்றேன். வெள்ளி என்று சொல்பவர்களும் ஏறத்தாழ அதே அளவில் இருக்கிறார்கள். உளவியலாளர்களான லெரா பொரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கேள்வியையே ஆங்கிலம் பேசுவோரிடம் கேட்டார்கள். உணவுக்கான வரிசையில் வெகுதூரம் நகர்ந்துவிட்டவர்களும், விமானத்தில் வந்து அப்போதுதான் இறங்கியவர்களும் வெள்ளி என்று சொல்லும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. காலத்தின் ஊடே நாம் நடப்பதாக நினைத்தால் 'ஃபார்வர்டு' என்பது நம் திசை, அதாவது பிந்திய நாள். காலமே நம்மை நோக்கி வருவதாக நினைத்தால் அது நமக்கு அருகில், அதாவது முந்திய நாள். தமிழில் 'முன்' என்பது எதிரில் இருப்பதையும் குறிக்கும், ஏற்கெனவே நடந்ததையும் குறிக்கும். ஆயினும் நாளோடு சேர்ந்தால் முந்தியது என்றே நம் காது பழகியிருக்கிறது. என்னைத் திங்கள் என்று சொல்லவைத்தது அந்தப் பழக்கமாகத்தான் இருக்க வேண்டும். அதே ஆங்கிலத்தில் கடிகாரத்தை 'ஃபார்வர்டு' வைத்தால் முள் பிந்திய மணிக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தக் குழப்பத்துக்கு இந்திய ஆங்கிலம் ஒரு தீர்வு கண்டது. தள்ளிவைப்பதற்கு 'போஸ்ட்போன்' இருப்பதுபோல, முன்னதாக வைப்பதற்கு 'பிரீபோன்'. இதைக் கேட்டுச் சிரிக்கும் ஆங்கிலேயர்கள் உண்டு. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அது இந்திய வழக்கு என்ற குறிப்போடு இடம்பெற்றிருக்கிறது. என்னைக் கேட்டால் 'ஃபார்வர்டு' என்பதைவிட ஆயிரம் மடங்கு தெளிவான சொல் அது. வெளிநாட்டவருக்கு எழுதும்போது மட்டும், அவர்களுக்குப் புரியாமல் போகலாம் என்பதால், 'எர்லியர்' என்ற எளிய சொல்லோடு புதிய தேதியையும் எழுதிவிடுகிறேன்.

கடைசியாக, நள்ளிரவு. நண்பகலைக் குறிக்கும் 'நூன்' என்ற சொல் ஒன்பதாம் மணி என்னும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது. அது முதலில் பிற்பகல் மூன்று மணியளவைக் குறித்து, இடைக்காலத்தில் மெல்ல நகர்ந்து நடுப்பகலில் வந்து நின்றது. நம் நண்பகல், நள்ளிரவு இரண்டிலும் இருப்பது 'நள்' என்னும் நடு என்பதால், அவை எங்கும் நகரவில்லை. ஆனால் நடுவில் நிற்பதே சிக்கல்: வெள்ளிக்கிழமை 'மிட்நைட்' என்றால் வெள்ளி தொடங்கும் நொடியா, முடியும் நொடியா? பன்னிரண்டு மணிக்கு 'ஏ.எம்.', 'பி.எம்.' என்ற குறிகளும் உதவுவதில்லை. அவை நடுப்பகலுக்கு முன், பின் என்ற பொருளுடையவை. நடுப்பகல் தனக்கே முன்னதாகவோ பின்னதாகவோ இருக்க முடியாது. அதனால்தான் ஒப்பந்தங்களிலும் காப்பீட்டுப் பத்திரங்களிலும் இரவு 11.59 என்றோ அதிகாலை 12.01 என்றோ எழுதுகிறார்கள். ஒருமுறை வெள்ளி நள்ளிரவு என்று அறிவிக்கப்பட்டிருந்த ஒரு விண்ணப்பத்தை வெள்ளி மாலை நிதானமாக நிரப்பி அனுப்பினேன். கெடு முந்திய இரவே முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து யாரேனும் 'மிட்நைட்' என்று எழுதினால், எந்தத் தேதியின் 11.59 என்று திருப்பிக் கேட்டு எழுதுகிறேன். இதுவரை எவரும் கோபித்துக்கொண்டதில்லை. இருவர், தங்களுக்கே அது தெரியவில்லை என்று பதில் எழுதினார்கள்.